டிராக்டர் பிடிஓ-ல (பின்னாடி சுத்துற பவர் ஷாஃப்ட்) ஓடுற சருகு ப்ளோயர், பெல்ட் நழுவுது, உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே, பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு நமக்கு. கொட்டை விழுறதுக்குள்ள மரத்தடி சருகை எல்லாம் ஒதுக்கணும், கூட்ட ஆள் கிடைக்கல, அதான் டிராக்டர் பின்னாடி மாட்டுற மாதிரி ப்ளோயர் ஒண்ணு நானே செஞ்சிட்டு இருக்கேன், தை பொறந்ததும் ஆரம்பிச்ச வேலை இன்னும் முடியல.

டிராக்டர் மஹிந்திரா 475 டிஐ, பிடிஓ 540 ஆர்பிஎம். ஃபேன் பழைய ரைஸ் மில்லுல எடுத்தது, இம்பெல்லர் (காத்தைத் தள்ளுற இறக்கைச் சக்கரம்) 24 இன்ச், நல்ல கனமான இரும்பு. பிடிஓ பக்கம் 20 இன்ச் புல்லி, ஃபேன் பக்கம் 4 இன்ச், ரெண்டு பி செக்‌ஷன் பெல்ட், கணக்குப்படி ஃபேன் 2700 ஆர்பிஎம் வரணும். காத்து வர்ற வாயை பலகை வச்சு மூடினா சூப்பரா சுத்துது, திறந்து விட்டதும் லோடு ஏறி பெல்ட் நழுவி கருகுற வாடை வருது, காத்தும் செத்துடுது.

பெல்ட் புதுசு போட்டாச்சு, டென்ஷன் ஏத்திப் பார்த்தேன் அப்ப பேரிங் கை வைக்க முடியாத சூடு, புல்லி ரெண்டையும் நூல் பிடிச்சு நேராக்கியாச்சு, இம்பெல்லர் பேலன்ஸும் லேத்துல பார்த்தாச்சு. மார்ச்சுக்குள்ள ஓடியாகணும்.

நடுவுல ஒரு ஷாஃப்ட் போட்டு பெரிய புல்லியா வச்சு ரெண்டு கட்டமா வேகத்தை ஏத்துறதா, இல்ல ஸ்டெப் அப் கியர்பாக்ஸே வாங்கிடுறதா, இந்த ஃபேனுக்கு எது தாங்கும்?