இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம்: பையை எடுத்ததும் வலி திரும்புகிறது, தோலில் வலை போன்ற தடம்

கேள்வி:
அம்மாவுக்கு வயது 60. குனிந்து கனமான வாளியைத் தூக்கியதிலிருந்து இடுப்பில் பிடிப்பு. மாலையில் வெந்நீர்ப் பையை அடியில் போட்டு அதன்மேலேயே மல்லாந்து படுக்கிறார், அப்படியே தூங்கியும்விடுகிறார். பை இருக்கும்வரை சுகம். எழுந்தால் பழைய கதைதான். இப்போது அந்த இடத்தில் பழுப்பும் சிவப்புமாக வலைக்கோடுகள் விழுந்திருக்கின்றன. ஒத்தடத்தை நிறுத்திவிட்டு ஐஸ் வைக்கலாமா?

பதில்:
சர்க்கரை நோய் உண்டா? கால் மரத்துப்போகிறதா, வலுவிழக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? தைலம் தேய்த்த பிறகு பை வைக்கிறாரா?

கேட்டவர்:
சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை, காலும் நன்றாகவே இருக்கிறது. தைலம் தினமும் தேய்க்கிறார். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார், சீக்கிரம் ஆறக் கூடாதாம்.

பதில்:
ஒத்தடத்தை ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை, கொடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அந்தக் கோடுகள் மறையும்வரை அந்த இடத்தில் சூடு படவே கூடாது. கொப்புளம் வராத அளவுச் சூடு ஒரே இடத்தில் நாள்தோறும் பட்டால் தோலில் இப்படி வலைபோல் நிறம் மாறும். ‘எரிதீமா அப் இக்னே’ என்பது அதன் மருத்துவப் பெயர். சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மறையும். மறையாவிட்டாலோ புண்ணானாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோல் தேறிய பிறகு, கொதிநீர் வேண்டாம். பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். முன்கையில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம் போதும். அம்மா குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கட்டும், பை மேலே இருக்கட்டும். அதன்மேல் படுத்தால் உடல் எடையில் பை வெடிக்கலாம், சூடும் வெளியேற வழியின்றித் தோலிலேயே தங்கிவிடும். தூக்கத்தில் சுடுவதும் தெரியாது. தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைக்கவே கூடாது, அது தோலைப் பொசுக்கிவிடும்.

வலி திரும்புவதற்கு வருவோம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சி நிற்கும் நேரம் குறைவு. அதற்குள் எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும், மல்லாந்து படுத்து முழங்காலை ஒவ்வொன்றாக மார்பை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். அம்மாவோ அந்த நேரத்தைத் தூங்கியே கழித்துவிடுகிறார், தசை மறுபடி இறுகிவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பலரும் ஒத்தடத்தையே வைத்தியமாக எண்ணி, அசைவதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொருவர்:
ஐஸ் பற்றிக் கேட்டீர்கள். அடிபட்டு வீங்கிய முதல் ஓரிரு நாளுக்குத்தான் அதைப் பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திடீர் இடுப்பு வலிக்கு முதலில் முயலக்கூடிய மருந்தில்லா முறைகளில் சூட்டையும் சேர்த்திருக்கிறது.

சிறுநீர், மலம் கழிப்பதில் தடங்கல், தொடைகளின் உட்புறமோ ஆசனவாய்ப் பகுதியோ மரத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமல் சில வாரங்களில் வலி குறையாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. பைக்குப் பதிலாக, வெந்நீரில் பிழிந்த துண்டு போதுமா?

பதில்:
போதும். ஈரச் சூடு பலருக்கு இன்னும் இதமாக இருக்கும். ஆனால் சில நிமிடங்களிலேயே ஆறிவிடும், மறுபடி நனைத்துப் பிழிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டாதபடி நன்றாகப் பிழியுங்கள், சொட்டும் வெந்நீர் சுட்டுவிடும்.