வானத்தைத் துணியில் தைத்தபோது: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவம்

நூற்கண்டு எழுதியது:

அப்பாவின் எழுபது வயது நிறைவுக்கு நான் தைத்துக் கொடுத்த, வேடன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கருநீலப் பருத்தித் துணியில் எல்லா நட்சத்திரங்களுக்கும் வெள்ளை நூலில், நூலை ஊசியில் சுற்றி இறுக்கும் இரண்டிழைப் பிரெஞ்சு முடிச்சும், அவற்றை இணைக்கும் கோடுகளுக்கு ஓரிழைப் பின் தையலும் போட்டிருந்தேன். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு எனக்கு விண்மீன்களைக் காட்டிக் கொடுத்தவர் அப்பா என்பதால், வேறு எதைத் தைப்பது என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

பரிசைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை முகத்தருகே கொண்டுவந்து ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிக்கொண்டே போனார். இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றைத் தடவினார்; கீழே வலப்புறம் ரைஜல் என்ற நட்சத்திரத்தைத் தடவினார்; பிறகு மேலே இடது தோளில் விரல் நின்றுவிட்டது.

"திருவாதிரை எங்கேம்மா?"

"நீங்க தொட்டுக்கிட்டு இருக்கிறதுதாம்ப்பா."

"இது வெள்ளையா இருக்கே."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; நன்றாக இருக்கிறது என்று மடித்து வைத்துக்கொண்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. சிறு வயதில் அந்த மீனை அவர் அடையாளம் காட்டியதே நிறத்தை வைத்துத்தான். தணல் போல ஒன்று இருக்கும், அதைத் தேடு என்பார். மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 3,500 கெல்வின் என்பதால் திருவாதிரை செம்மஞ்சளாகவும், 12,000 கெல்வினை ஒட்டிய ரைஜல் நீலம் கலந்த வெண்மையாகவும் தெரிகின்றன என்று கல்லூரியிலும் படித்தவள் நான். இருந்தும் கைக்கு வந்தது ஒரே வெள்ளை நூல்.

துணியைத் திரும்ப வாங்கி வந்தேன். முடிச்சைப் பின்புறமிருந்து வெட்டி, இடுக்கியால் இழை இழையாக இழுத்தேன். துளையை ஊசி முனையால் நீவி மூடினேன். ஒட்டிக்கொண்ட வெள்ளைத் தும்பை செல்லோடேப் வைத்து ஒற்றி எடுத்தேன். இப்போது திருவாதிரைக்கு டிஎம்சி நிறுவன நூல்களில் 741, 722 என்ற செம்மஞ்சள் எண்கள் இரண்டிலும் ஒவ்வோர் இழையை ஒரே ஊசியில் கோத்துப் போட்டிருக்கிறேன். ரைஜலுக்கு வெள்ளையோடு 775 என்ற இளநீலம். இன்னும் அப்பாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

கீழத்தெரு எழுதியது:

உங்கள் அப்பாவைப் போலத்தான் என் அப்பத்தாவும். மாதம் தவறாமல் மூன்றாம் பிறை பார்ப்பவர் அவர். நான் தலையணை உறை ஒன்றில் வெள்ளி நிற நூலால், இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையலில் பிறை தைத்திருந்தேன். இணையத்தில் கிடைத்த மாதிரிப் படத்தில் பிறை நெட்டுக்குத்தாக நின்றது. இரு கொம்புகளுக்கும் நடுவே எட்டுமுனை நட்சத்திரம் ஒன்றும் இருந்தது. நானும் அப்படியே தைத்தேன். அப்பத்தா உறையைக் கையில் வாங்கியவுடன், ஒரு வார்த்தையும் பேசாமல், கொம்புகள் மேலே பார்க்குமாறு அதைப் பக்கவாட்டில் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். "பிறை இப்படித்தானே ஆத்தா கெடக்கும்" என்றார். பிறகு நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து, "இந்த மீனு நிலாவுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊர்களில், பங்குனி சித்திரை மாதங்களின் மாலைப் பிறை தோணி போலக் கிடக்கிறது. புரட்டாசி வாக்கில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நிமிர்ந்து நிற்கும் பிறை வடக்கே வெகு தொலைவில் இருப்பவர்கள் பார்க்கும் பிறை. கொம்புகளுக்கு நடுவே இருளாகத் தெரிவதும் நிலவின் உடல்தான் என்பதால், அதைத் துளைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் தெரிய வழியில்லை. இதையெல்லாம் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்பத்தாவோ பார்த்த கணத்தில் உறையைத் திருப்பிவிட்டார்.

பட்டுநூல் எழுதியது:

மேலே எழுதிய இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் எம்பிராய்டரி வானியல் பாடநூலாக இருந்தே தீர வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் இரண்டாம் ஹென்றி பேரரசரின் நட்சத்திர அங்கி இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட அந்த அங்கியில் விண்மீன் கூட்டங்கள் எல்லாம் தங்க நூலிலேயே இருக்கின்றன. திருவாதிரை ஏன் சிவப்பாக இல்லை என்று அதன் முன் நின்று யாரும் வருந்துவதில்லை; நீலப் பட்டும் பொன்னும் சேர்ந்து தருகிற ஒளிதான் அங்கே வானம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால், கருநீலத்தின் மேல் இருக்கும் ஒற்றைச் செம்மஞ்சள் முடிச்சு குங்குமம் பட்ட கறை போலத் தெரியக்கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது நிறம் அல்ல, நூல். மணப்பெண் ஒருத்தியின் ரவிக்கை முதுகில் சிதறிய நட்சத்திரங்களை ஜரிகை நூலால் தைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை முகூர்த்தம். ஊசிக் காதில் உராய்ந்து உராய்ந்து, மேலே சுற்றியிருந்த தகட்டிழை உரிந்து உள்ளிருந்த வெண்ணூல் வெளியே வந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் குழல்விளக்கின் கீழ், பாதி உரிந்த நட்சத்திரத்தையும் என் கையையும் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் நின்ற நிற்பு இன்றும் கண்ணில் இருக்கிறது. கடைசியில் ஜரிகையைத் துணிக்குள் நுழைக்காமல் மேலேயே கிடத்தி, ஓரிழை மஞ்சள் பட்டு நூலால் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு குறுக்குத் தையல் போட்டுக் கட்டினேன். விடிவதற்குள் முடிந்தது. அந்த அங்கியில் தங்க நூலைப் பிடித்து நிறுத்தியிருப்பதும் இதே முறைதான் என்று பின்னால் அறிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேம்படி எழுதியது:

2019 டிசம்பர் 26 அன்று நடந்த கங்கண சூரிய கிரகணத்தைக் கரூரில் பார்த்தவள் நான். காலை ஒன்பதரை மணியளவில் மூன்று நிமிடம் போல வளையம் நின்றது. பாதுகாப்புக் கண்ணாடி வழியே அது செம்மஞ்சளாகத் தெரிந்ததால், கறுப்புத் துணியில் டிஎம்சி 740 நூலால் சங்கிலித் தையலில் ஒரு வட்டம் போட்டு முடித்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, தான் அட்டையில் துளையிட்டுத் தாளில் விழச் செய்து பார்த்த வளையம் வெள்ளையாக இருந்ததே என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான் தைத்தது கண்ணாடியின் நிறம்.

ஆனால் அப்போதுதான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அன்று வேப்பமரத்தடியில், இலைகளின் இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித் துளையாகி, தரை முழுக்க நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. காற்று அடித்தபோது அத்தனையும் சேர்ந்து நடுங்கின. நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை அரை நிமிடம்தான் பார்த்தேன். இப்போது சாம்பல் நிறக் கதர்த் துணியில், மங்கிய வெள்ளை ஓரிழை நூலால், காம்புத் தையலில் அந்த வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று முடிந்திருக்கிறது. நடுக்கத்தைத் தையலில் எப்படிக் கொண்டுவருவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

மூன்றிழை எழுதியது:

என் அனுபவம் சிறியது. கருநீலத் துணியில் வெள்ளை நிலவு தைத்து, தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். காய்ந்தபோது நிலவு முழுவதும் நீலம் ஏறியிருந்தது. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் அது போகவில்லை. அதனால் சொல்கிறேன், தைக்கத் தொடங்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியை அந்தத் துணியின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாத வரை துவைத்த பிறகே ஊசியைத் தொடுங்கள்.

பட்டுநூல் அவர்கள் சொன்ன கறை பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கறை போலத் தெரிவதற்குக் காரணம் நிறம் அன்று, எல்லா முடிச்சும் ஒரே அளவில் இருப்பதே. பிரகாசமான மீன்களுக்கு மூன்றிழை, நடுத்தரமானவற்றுக்கு இரண்டு, மங்கலானவற்றுக்கு ஒன்று என்று இழையை மாற்றுங்கள். பெரிதாக்குவதற்காகச் சுற்றுகளைக் கூட்டினால் முடிச்சு தளர்ந்து சரியும். ஊசி வெளியே வந்த துளையிலேயே திரும்ப இறங்காமல் துணியின் ஓரிரு இழை தள்ளி இறங்குங்கள். இல்லையென்றால் முடிச்சு உள்ளே போய்விடும். நூலை இடக்கையால் இறுக்கிப் பிடித்தபடியே ஊசியை இழுக்க வேண்டும். பால்வீதிக்கு முடிச்சே வேண்டாம். ஓரிழையில் இரண்டு மில்லிமீட்டர் நீளத் தையல்களைத் திசை மாற்றி மாற்றிச் சிதறவிட்டு, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடைவெளி விட்டும் போட்டால் போதும்.

இரவு வானம் என்றதும் 310 எண்ணுள்ள கறுப்பை எடுக்காதீர்கள். 939 அல்லது 823 என்ற கருநீலங்களில் ஆழம் வருகிறது. பெரிய நிலவைச் சாட்டின் தையலில் நிரப்பினால் நூல் தொங்கும், துணி சுருங்கும். முதலில் விளிம்பில் பிளவுத் தையல் போட்டு, உள்ளே நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் தையலில் 3865, 762, 415 என்று வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு இறங்குங்கள். கடல்கள் எனப்படும் கருந்திட்டுகளுக்கு 318. இஸ்திரி போடும்போது தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்புறம் மட்டும் தேயுங்கள், முடிச்சுகள் நசுங்காது.

தென்சாளரம் எழுதியது:

சூடு வைத்தால் பதியும் பென்சிலால் பிரதி எடுத்து ஓரியனைத் தைத்தேன். அந்தப் பென்சில் படத்தை இடவலம் மாற்றிப் பதிக்கும் என்பதை நான் கவனிக்கவில்லை. மார்கழியில் ஒருநாள் இரவு மாடிக்கு எடுத்துப்போய் வானத்துக்கு நேராகப் பிடித்தபோதுதான், என் திருவாதிரை வலது தோளில் இருப்பதைப் பார்த்தேன். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யாருக்கும் தெரியவில்லை. விளக்கைப் போடும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

நூற்கண்டு எழுதியது:

பட்டுநூல் அவர்களுக்கு: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த எலன் ஹார்டிங் பேக்கர் என்ற பெண் 1876 இல் சூரியக் குடும்பத்தைக் கம்பளி ஒட்டுப் போர்வையில் தைக்கத் தொடங்கி, அதையே படமாக வைத்து வானியல் பற்றிப் பேசினார். பேரரசரின் அங்கியும் அந்தப் போர்வையும் வெவ்வேறு தேவைக்கானவை. நான் தைத்தது எனக்கு வானத்தைக் கற்றுக் கொடுத்தவருக்காக.

மூன்றிழை அவர்கள் சொன்னபடி இன்று மங்கலான மீன்களைப் பிரித்து ஓரிழையில் மாற்றினேன். கோடுகளையும் எடுத்துவிட்டேன், அப்பா கோடு போட்டு எனக்குக் காட்டியதில்லை. நாளைக் காலைப் பேருந்தில் ஊருக்குக் கொண்டுபோகிறேன்.