எழுதுகிற காலத்தில் கூட்டத்துக்குப் போகலாமா, கதவைச் சாத்திக்கணுமா?

மைக்கூடு:
முதல் நாவல் பேசப்பட்டதும் அழைப்பு வர ஆரம்பிக்கும், ரெண்டாவது நாவல் மூணாம் அத்தியாயத்துல நின்னுடும். கணக்குத் தப்புதான் காரணம். சாயங்காலக் கூட்டம், ரெண்டு மணி நேரம்தானேன்னு ஒத்துக்கறாங்க. அன்னிக்குக் காலைல பேச்சுக்குறிப்புதான் ஓடும். மறுநாள் காலைல யார் என்ன சொன்னாங்கன்னு ஓடும். ஒரு கூட்டத்துக்கு ரெண்டு காலை போச்சு. வாரம் ரெண்டு கூட்டம்னா மிஞ்சறது மூணு. முதல் வரைவு முடியற வரைக்கும் கூட்டமே வேண்டாம்கறது என் கட்சி. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964 ஏப்ரல் 10க்குப் பிறகு கச்சேரி மேடையே ஏறல, அப்போ வயசு 31. வாசிப்பு என்ன கெட்டா போச்சு?

நாலுபேர்:
கூல்டைப் பாதிதான் சொல்றீங்க. மேடையைத்தான் விட்டார், மனுஷங்களை விடலை. மணிக்கணக்கா போன்ல பேசற ஆள் அவர். 1967ல கனடா வானொலிக்கு, அந்த நாட்டோட வடகோடியைப் பத்தி அவர் செஞ்ச நிகழ்ச்சியே அஞ்சு பேர் குரலைப் பின்னிச் செஞ்சதுதான். கதவைச் சாத்தினா நடக்கறது வேற: எல்லாப் பாத்திரமும் ஒரே ஆள் மாதிரிப் பேசும், முதல் அத்தியாயத்தையே பத்து தடவை திருத்துவாங்க. கெடு வைக்க ஆள் இல்லையே!

மைக்கூடு:
பேச்சு கேக்கணும்னா பஸ்ல போங்க, மேடை எதுக்கு? அப்புறம், நாலு பேர் கூடி யோசிச்சா நிறைய வரும்கறது 1958லயே ஏல் பல்கலைக்கழகத்துல அடிபட்டுப் போச்சு. சேர்ந்து உட்கார்ந்த நாலு பேரைவிட, தனித்தனியா யோசிச்ச நாலு பேரோட யோசனைகளைக் கூட்டினா எண்ணிக்கை அதிகம். ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க வாயை மூடிக் காத்திருக்கணும், அதுக்குள்ள வந்த யோசனை போயிடும்.

நாலுபேர்:
அது யோசனையை எண்ணற வேலை. எதை வெட்டணும்னு தெரிய அடுத்தவர் வேணும். தனிமைக்கு எல்லாரும் காட்டற அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் கூட 1861ல ஒரு கவிதையோட ரெண்டாம் பத்தி அண்ணி சூசனுக்குப் பிடிக்கலைன்னு மாத்தி எழுதி அனுப்பினவங்க.

மைக்கூடு:
நன்றி! சூசன் ஒரே ஒருத்தர். அதைக் கூட்டம்னு சொல்லுவீங்களா?

பழையபேனா:
இருவரும் வெவ்வேறு கட்டங்களைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். முதல் வரைவில் இருக்கும்போது கதையை வாயால் சொல்லவே கூடாது. நாலு பேரிடம் சொல்லி "அருமை" வாங்கிவிட்டால் எழுதும் அவசரம் தணிந்துவிடும். வரைவு முடிந்ததும் இரண்டு வாரம் பெட்டியில் போட்டுவிட்டு, மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள். பத்துப் பேருக்குக் கொடுத்தால் கருத்துகள் ஒன்றையொன்று வெட்டும், எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய் நடை மழுங்கும். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இருவரைக் குழப்பிக்கொண்டீர்கள், எதைத் தாண்டிப் படித்தீர்கள் என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைக் காட்டினால் கோளாறு அங்கே நிச்சயம். ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

கூட்டங்களை வாரம் ஒன்று என்று பரப்பினால் எல்லா வாரமும் உடையும். இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கி அதில் நான்கைந்தை அடுக்குங்கள். அந்த வாரம் எழுத்து நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. கிளம்பும் முன் அடுத்த காட்சியின் முதல் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனால் திரும்பி வந்து தொடங்குவது சுலபம்.

நாலுபேர்:
நாவலுக்குச் சரி. கவிதைக்கு ஆகாது. 15 நிமிஷம் வாசிச்சுப் பாருங்க: சபையில இருமல், நாற்காலிச் சத்தம் எந்த வரியில எழும்புதோ அங்க தொய்வு. மூணு வாசகர் இதைச் சொல்ல மாட்டாங்க, மரியாதைக்காக.

மைக்கூடு:
வாசிச்சுட்டு உடனே கிளம்பிடறதா இருந்தா ஒத்துக்கறேன். பிடுங்கறது வாசிப்பு இல்ல, அதுக்கப்புறம் வர்ற ரெண்டு மணி நேர டீக்கடைப் பேச்சு.

நாலுபேர்:
உங்க பாத்திரங்களுக்கு வசனம் அங்கதான் சார் கிடைக்கும்.