ரயில் நிலையத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது ரசனையா, அத்துமீறலா?

மேம்பாலவாசி:
வண்டி தாமதம் என்றால் எல்லோரும் போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் படிக்கட்டுப் பக்கம் நின்று கூட்டத்தைப் பார்ப்பதுதான் பிடிக்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் நேருக்கு நேர் வருகிறார்கள். யாரும் சொல்லாமலேயே இரண்டு மூன்று வரிசைகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் இடிபட வேண்டாம் என்பது கால்களுக்கே தெரிந்திருக்கிறது. டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-இல் இதைக் கணினியிலேயே நடத்திக் காட்டினார்கள். இப்படிப் பார்ப்பதில் என்ன தவறு?

கறார்பேர்வழி:
கால்களை யார் சார் பார்க்கிறார்கள்? முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அழுதுகொண்டே வழியனுப்பும் ஒரு பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு ஒரு காதல் கதையைக் கட்டி, படத்தோடு பதிவு போட்டு விருப்பக்குறி வாங்குகிறார்கள். அவருக்குப் பல்வலியாகக்கூட இருக்கலாம்! பொது இடத்தில் அந்நியர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொள்வதைப் பற்றி சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இலேயே எழுதியிருக்கிறார். முழங்கை இடிக்கிற நெரிசலில் ஒருவருக்கு மிஞ்சுகிற தனிமை அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு ரசனை என்று பெயர் வைக்கிறீர்கள்.

மேம்பாலவாசி:
கேட்காமல் படம் எடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பார்ப்பதே குற்றமென்றால் ஓவியர்கள் எல்லோரும் குற்றவாளிகள்தான். வில்லியம் ஃபிரித் 1862-இல் லண்டன் பாடிங்டன் நிலையத்தின் கூட்டத்தை வரைந்தார். வழியனுப்புகிற குடும்பம், கடைசி நேரத்தில் கைதாகிற ஆள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அன்றைய வாழ்க்கை நமக்குத் தெரிய வருவது இப்படிப் பார்த்தவர்களால்தானே?

கறார்பேர்வழி:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் உதவுகிறது. அந்தப் படத்தின் நடுவில் நிற்பது ஃபிரித்தின் சொந்தக் குடும்பம். கைது செய்கிற இருவரும் அந்தக் காலத்தின் நிஜத் துப்பறிவாளர்கள், தெரிந்தேதான் படத்தில் இடம்பெற்றார்கள். தூங்கிவழிகிற பயணியை அவருக்குத் தெரியாமல் போனில் பிடிப்பதும் இதுவும் ஒன்றா?

சிக்னல்விளக்கு:
நான் நிலையத்தில் வேலை பார்க்கிறவன். நீங்கள் இரண்டு பேரும் ரசனை, தனிமை என்று பேசுகிறீர்கள். எங்களுக்குப் பார்ப்பதுதான் வேலை. அறிவிப்புப் பலகையையே திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் நடைமேடை தெரியவில்லை. தனியாக நிற்கிற குழந்தையை நூறு பேர் கடந்து போவார்கள், யாரோ கூட இருப்பதாக நினைத்து. அப்புறம், நடைமேடைக் கோடியில் நின்று ஒவ்வொரு வண்டியையும் ஏறாமல் விட்டுக்கொண்டே இருப்பவர். பிரிட்டனில் 2017-இல், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் காது கொடுக்கிற சமாரிட்டன்ஸ் அமைப்பும் ரயில்வேயும் ரயில்வே காவல்துறையும் சேர்ந்து ஒரு பிரசாரம் தொடங்கின. அப்படி ஒருவர் தென்பட்டால் பயணிகளே பக்கத்தில் போய்ச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். எல்லோரும் பார்வையை விலக்கிக்கொண்டால் அந்த ஆள் யார் கண்ணில் படுவார்?

கறார்பேர்வழி:
சரி, இதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் நீங்கள் பார்த்ததும் பக்கத்தில் போகிறீர்கள். வேடிக்கை பார்ப்பவர் எட்டியே நிற்கிறார். வித்தியாசம் அங்கேதான்.

மேம்பாலவாசி:
பார்க்கத் தொடங்கும்போதே யாருக்கு உதவி தேவை என்று எப்படித் தெரியும்? சும்மா பார்க்கிற பழக்கம் இருப்பவருக்குத்தான் மாறுபட்டு நிற்கிறவர் கண்ணில் படுவார்.

கறார்பேர்வழி:
பழக்கம் இருக்கட்டும். கண்ணில் பட்ட பிறகு போய்ப் பேசியிருக்கிறீர்களா, இல்லை பதிவு எழுத உட்கார்ந்துவிட்டீர்களா?

சிக்னல்விளக்கு:
பேசக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். "அந்த நீலச் சட்டைக்காரர் ரொம்ப நேரமாக நிற்கிறார்" என்றால் போதும், நாங்கள் போய்ப் பார்க்கிறோம்.