பிக்கப் க்ளட்ச் சிலிண்டர்: கிட் போதுமா, மேலும் கீழும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

மலைக்காய் லோடு:
வணக்கம். கொடைக்கானல் மலை மன்னவனூரில் கேரட், பூண்டு ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்குகிற வண்டி என்னுடையது. ஏழு வருடமான பிக்கப், ஹைட்ராலிக் க்ளட்ச்: பெடலை மிதித்தால் மேல் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற கீழ் சிலிண்டர் க்ளட்சை விடுவிக்கும். போன மாதம் பெடல் தரையோடு போய்விட்டது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைத்தது. ஊர்ப் பட்டறை ஒன்றில் கீழ் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் கிட் (உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள்) மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். 19 நாள்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை விடிகாலை பெருமாள்மலையில் பழனி ரோட்டுக்குத் திரும்பி இறங்கும்போது மறுபடியும் பெடல் செத்துவிட்டது. வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. நியூட்ரல் ஆக்கினால் திரும்பக் கியர் விழாது என்று தெரியும். அதனால் லீவரைத் தொடவே இல்லை, அதே கியரில் அடிவாரம் வரை வந்து சேர்ந்தேன். பட்டறையில் இன்னொரு கிட் போடலாம் என்கிறார்கள். என் மனசு ஒப்பவில்லை. கிட்டா, கீழ் சிலிண்டர் புதிதா, மேல் சிலிண்டரும் சேர்த்தா?

மூன்று வண்டி ஓனர்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம். மேல், கீழ் இரண்டும் அசெம்பிளியாக வாங்கிப் போடுங்கள், நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். கிட்டில் மிச்சமாகிற காசு ஒரு லோடு காய் வாடினால் போய்விடும். மலையில் ஓடுகிற வண்டிக்குக் கிட் வேலையே கூடாது.

பட்டறை 27 வருஷம்:
கிட் வேலையே கூடாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் போட்ட கிட் நான்கு வருடம், ஐந்து வருடம் ஓடியிருக்கிறது. 19 நாளில் போகிறது என்றால் தப்பு கிட்டில் இல்லை, வேலையில். தம்பி, சிலிண்டரை எதில் கழுவினார்கள்? டீசலிலா, பெட்ரோலிலா? பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர், டீசலோ கிரீஸோ பட்டால் உப்பிவிடும். முதலில் நன்றாகவே பிடிக்கும், பிறகு ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பர் கப்பின் உதடு மடிந்து ஆயிலை விட்டுவிடும். கழுவுவதற்குப் புது பிரேக் ஆயிலே போதும். அடுத்தது, சிலிண்டரின் உள்துளையான போர் உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்களா? நகம் தட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் எந்தக் கிட்டும் நிற்காது.

ரியாத் ரிட்டர்ன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரியாத்தில் 12 வருடம் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வேலைதான் எனக்கு. அதிலும் கீழ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இரண்டு போல்ட்டில் நிற்கும், கழற்றுவது சுலபம். சுலபம் என்பதால்தான் எல்லோரும் எமரி பேப்பரை (உப்புத்தாள்) கையில் எடுக்கிறார்கள். பழைய வார்ப்பு இரும்பு சிலிண்டர் என்றால் லேசாகத் தேய்க்கலாம். அலுமினியத்தில் கடினமான மேல்பூச்சு இருக்கும், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியில் இருப்பது மெத்தென்ற உலோகம், சீக்கிரம் அரித்துவிடும். எமரி பட்ட அலுமினிய சிலிண்டரை நான் திரும்பப் போட்டதில்லை.

மலைக்காய் லோடு:
அண்ணே, நீங்கள் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்கிறீர்கள். டீசல் டப்பாவில் முக்கிக் கழுவினார்கள். எமரியும் போட்டார்கள். சிலிண்டர் அலுமினியம்தான்.

மூன்று வண்டி ஓனர்:
அப்புறம் என்ன, இரண்டையும் மாற்றுங்கள். போன வருடம் எனக்கு நடந்தது இது: கீழே மட்டும் புதிதாகப் போட்டேன். இரண்டே மாதத்தில் பொள்ளாச்சி தாண்டி, தக்காளி லோடோடு மேல் சிலிண்டர் போனது. கீழே புதிது வந்ததும் பிரஷர் கூடி, மேலே இருக்கிற பழசைத் தள்ளிவிடுகிறது.

பட்டறை 27 வருஷம்:
சார், உங்களுக்கு நடந்தது உண்மை, காரணம் அது இல்லை. கீழே புதிது போட்டால் பிரஷர் கூடாது. ஆயில் லைனில் எவ்வளவு பிரஷர் வரும் என்பதை, க்ளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கும் சிலிண்டரின் விட்டமும்தான் தீர்மானிக்கின்றன. மேல் சிலிண்டரைக் கொல்வது ஏர் எடுக்கிற விதம், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற விதம். சாதாரணமாக ஓட்டும்போது அதன் கப் போரில் ஒரு குறிப்பிட்ட தூரம்தான் போய்வரும். ஏர் எடுக்கிறோம் என்று பெடலைத் தரை வரை பத்துப் பதினைந்து முறை மிதித்தால், கப் இத்தனை வருடம் தொடாத இடத்துக்குப் போகிறது. அங்கே அழுக்கும் துருவும் உட்கார்ந்திருக்கும், உதடு கிழிந்துவிடும். நான் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் மிதிக்கச் சொல்வேன். இல்லையென்றால் கீழ் சிலிண்டரில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து வைத்து, ஆயில் தானாக இறங்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

மூன்று வண்டி ஓனர்:
பெடலை முழுதாக மிதித்துத்தான் ஏர் எடுத்தார்கள், அது சரி. ஆனால் எல்லாப் பட்டறையிலும் உங்களைப் போல மரக்கட்டை வைப்பார்களா? எனக்குக் கிடைக்கிற வேலையை நம்பித்தானே நான் முடிவெடுக்க வேண்டும்? மேலே இருக்கிறதும் அதே ஏழு வருடத்து ரப்பர்தானே.

பட்டறை 27 வருஷம்:
அந்தக் கேள்வி நியாயம். அதனால்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். கீழே புதிது போட்டு ஏர் சுத்தமாக எடுத்த பிறகு, சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு முதல் கியரில் ஒரு நிமிடம் க்ளட்சை அழுத்திப் பிடியுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் பெடல் மெல்லக் கீழே போனாலோ, வண்டி முன்னால் நகரப் பார்த்தாலோ மேல் சிலிண்டர் உள்ளுக்குள்ளே விடுகிறது. பெடல் ராடு உள்ளே நுழைகிற இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தாலும் அதே தீர்ப்புதான்.

சின்ன டிரக்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் கீழ் சிலிண்டர் வெளியே தெரியவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங் அடியில் மட்டும் சொட்டுகிறது.

ரியாத் ரிட்டர்ன்:
உங்களுடையது கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வகை போலத் தெரிகிறது. சிலிண்டரும், க்ளட்சைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்கும் ஒரே பொருள். அமெரிக்காவில் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் பல வருடம் இப்படித்தான் வந்தது. சொட்டுவது பிரேக் ஆயில்தானா, கியர் ஆயிலா, இன்ஜின் ஆயிலா என்று முதலில் பாருங்கள். பிரேக் ஆயில் என்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இறக்கிய பிறகு பழைய க்ளட்ச் பிளேட்டைத் திரும்பப் போடாதீர்கள். கியர்பாக்ஸ் ஏறிப் பூட்டும் வரை பெடலை யாரும் தொடக்கூடாது, புது சிலிண்டர் பிதுங்கிவிடும்.

மலைக்காய் லோடு தம்பிக்கு ஒரு முக்கியமான சந்தேகம். டீசலில் முக்கிக் கழுவிய சிலிண்டர் என்றால் லைனிலும் கொஞ்சம் கலந்திருக்கலாம். சிரிஞ்ச் வைத்துக் கீழிருந்து மேலே ஆயில் ஏற்றும் முறை எனக்குப் பிடித்தது. இந்த வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள், அழுக்கு மேலே போய்விடும். உங்கள் க்ளட்ச் ஆயில் தனி டப்பாவா, பிரேக்கோடு சேர்ந்ததா?

மலைக்காய் லோடு:
பிரேக்கோடு சேர்ந்த டப்பாதான்.

ரியாத் ரிட்டர்ன்:
அப்படியானால் இது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. சேர்ந்த டப்பாவில் க்ளட்சுக்குப் போகிற குழாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், க்ளட்ச் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்சட்டும் என்பதற்காக. ஆனால் டீசல் கலந்தால் அந்த உயரம் காப்பாற்றாது. டப்பா மூடியில் இருக்கிற ரப்பரைப் பாருங்கள். உப்பி, நெளிந்து, மூடியில் திரும்ப உட்காரவில்லை என்றால் மேல் சிலிண்டர் மட்டும் போதாது, பிரேக் ரப்பர்கள் எல்லாமே மாற்ற வேண்டும்.

பட்டறை 27 வருஷம்:
சரியான வார்த்தை. நான் அதை யோசிக்கவில்லை. தம்பி, மூடியைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மலைக்காய் லோடு:
வேறு பட்டறையில் இன்று நானே கூட நின்று எல்லாம் பார்த்தேன். மூடி ரப்பர் தட்டையாக, ஒழுங்காக இருக்கிறது. கீழ் சிலிண்டரின் கப் உப்பி, உதடு ஒரு பக்கம் மடிந்திருந்தது. போரில் இரண்டு இடத்தில் நகம் தட்டுகிறது. லைனில் இருந்த ஆயில் காபி டிகாக்ஷன் நிறம். புது சிலிண்டர், புது ஹோஸ், ஹோஸைப் பூட்டுகிற பேஞ்சோ போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டோம். மூடியில் டாட் 4 (பிரேக் ஆயிலின் தர வகை) என்று எழுதியிருந்தது, அதையே வாங்கி, பெடலைத் தொடாமல் நிப்பிள் வழியாக அரை லிட்டர் இறங்கவிட்டோம். கடைசியில் தெளிவாக வந்தது. பிறகு மரக்கட்டை வைத்து ஆறு முறை மிதித்தேன். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்ததில் பெடல் இறங்கவில்லை, மேலே ஈரமும் இல்லை. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

மூன்று வண்டி ஓனர்:
நல்லது தம்பி. ஆனாலும் நான் சொன்னதிலிருந்து மாறவில்லை. அந்த மேல் சிலிண்டரோடு மலை ஏறுவது நானாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பட்டறை 27 வருஷம்:
சோதனையில் தேறிய பொருளைக் கழற்றி எறிவது எனக்கு ஒப்பாது. தம்பி, பெடலில் கொஞ்சம் ஃப்ரீ பிளே, அதாவது ராடு முட்டுவதற்கு முன் லேசான ஆட்டம், இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ராடு எப்போதும் முட்டிக்கொண்டே இருந்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது, க்ளட்ச் முழுதாகப் பிடிக்காமல் ஏற்றத்தில் பிளேட் கருகிவிடும்.

மலைக்காய் லோடு:
பார்த்துவிட்டேன் அண்ணே, விரலால் தள்ளினால் லேசாக ஆடுகிறது. மேல் சிலிண்டர் ஒன்று வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், கூடவே சீல் உடைக்காத ஒரு டின் ஆயில். நாளை காலி வண்டியாகப் பழனி மலை ரோட்டில் ஏறிப் பார்க்கிறேன். திரும்பி வந்ததும் மறுபடியும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்ப்பேன். பெடல் ஒரு விரல் இறங்கினாலும் அந்தப் புதுசைப் போட்ட பிறகுதான் லோடு ஏற்றுவேன்.