கேள்விக்குறி போட்ட வரியை நம்பி மூன்று இரவு போச்சு. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

ஜூரோங்_இரவுப்பணி:
டேட்டா சென்டர் வேலை. ஒரே ஒரு சர்வர் மட்டும் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு விழும், தானே எழும். சீரியல் கன்சோலில் இருபது வரி ஸ்டேக் டிரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல். நடுவில் எங்கள் ஸ்டோரேஜ் டிரைவரின் ஃபங்ஷன் பெயர், அதற்கு முன்னால் குட்டியாக ஒரு '?'. கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. மூன்று இரவு அந்த டிரைவரையே குடைந்தேன். அதை எழுதிய நண்பனோடு சண்டை வேறு. நாலாவது நாள் டீமில் இருக்கும் அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கேள்விக்குறி எதுக்குப் போட்டிருக்கான்?" என்றார்.

எதுக்கென்றால், கிராஷ் ஆனதும் லினக்ஸின் மையமான கெர்னல் தன் ஸ்டேக்கை (ஃபங்ஷன்கள் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்து வைக்கும் மெமரி) எட்டு எட்டு பைட்டாகத் துழாவும். கோட் முகவரி மாதிரி எது தென்பட்டாலும் அச்சடித்துவிடும். அழைப்பு வரிசையில் அது நிஜமாகவே இருக்கிறது என்று, ஸ்டேக்கைப் பின்னோக்கிப் படிக்கும் அன்வைண்டர் சொல்லாவிட்டால் முன்னால் '?' விழும். எப்போதோ ஓடி முடிந்த ஃபங்ஷன் விட்டுப்போன மிச்சமாகவும் இருக்கலாம். உணவங்காடியில் யாரோ சாப்பிட்டுப் போட்ட தட்டைக் காட்டி, அடுத்து வந்து உட்கார்ந்தவனிடம் "நீதானே சாப்பிட்டே" என்று மல்லுக்கு நின்றிருக்கிறேன். தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் இங்கே சிங்கப்பூரில் அபராதம் உண்டு, ஸ்டேக்கில் அப்படி யாரும் கேட்பதில்லை.

'?' இல்லாத வரிகளை மட்டும் படித்தபோது கதை நெட்வொர்க் கார்டு பக்கம் போனது. அரை நாளில் முடிந்தது. நண்பனுக்குத் தேக்காவில் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆனேன்.

தெம்பனிஸ்_தோழி:
உங்களுக்காவது '?' என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. நான் மாட்டிக்கொண்டது லைவ்பேட்சில். சர்வரை நிறுத்தாமல் பேட்ச் போட்டோம், மாற்றம் இன்னும் முடியவில்லை என்று காட்டும் 'டிரான்சிஷன்' கோப்பு 1-லேயே நின்றது. இரண்டு மணி நேரம் ஆகியும் 0 ஆகவில்லை. மாற்றப்போகும் ஃபங்ஷனுக்குள் யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று ஓடும் ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டேக்கையும் பார்த்த பிறகே கெர்னல் அதைப் புதிய கோடுக்கு நகர்த்தும். 2017-ல் லினக்ஸ் 4.12-இல் வந்த ஏற்பாடு. இங்கே ஊகத்துக்கு இடமில்லை. படித்தது நம்பகமில்லை என்று பட்டால் அந்த டாஸ்க்கைத் தொடாமல் விட்டுவிடும்.

ஒரு கெர்னல் திரெட் மட்டும் நகரவே இல்லை. அதன் ஸ்டேக் நடுவில், வெளியிலிருந்து வாங்கிய மாட்யூலின் ஒரு சின்ன அசெம்பிளி ஃபங்ஷன். அது சி ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது. அன்வைண்டர் அந்த இடம் வரை வந்து, மேலே போக வழி தெரியாமல் நின்றுவிடுகிறது. மேக்ஃபைலைத் திறந்தால், அந்தக் கோப்பை ஆப்ஜ்டூல் (அன்வைண்டருக்கு வழிகாட்டும் அட்டவணை போடும் கருவி) பார்க்கவே வேண்டாம் என்று ஒரு வரி! எச்சரிக்கை தொல்லை தாங்காமல் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். வரியை எடுத்தேன், சரியான மேக்ரோக்களைப் போட்டு மாட்யூலை மறுபடி கட்டினேன். அதற்குப் பிறகு போட்ட பேட்ச் எல்லாம் சில நொடிகளில் முடிகிறது. எச்சரிக்கையை அடைத்தவர் யார் என்று நான் தேடவில்லை. தேடினால் கோபம்தான் வரும்.

யீஷூன்_பழசு:
நான் ஃபிரேம் பாயிண்டர் காலத்து ஆள், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னைக் கூப்பிட்டவனோட ஸ்டேக் இடத்தைக் குறிச்சு வைக்கிற முறை. அதுவும் முழுசா நம்புற சரக்கு இல்லப்பா. ஃபங்ஷன் ஆரம்பிச்ச முதல் ரெண்டு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குள்ள இன்டரப்ட் விழுந்தா, அதைக் கூப்பிட்டவன் பேரே டிரேஸ்ல வராது. அதுக்கு மேல, சில வேலைகள்ல கெர்னல் 5 முதல் 10 சதவீதம் வரை மெதுவாகும். கம்பைலர் எழுதி வைக்கிற டுவார்ஃப்ங்கிற டீபக் தகவலை வச்சுப் படிக்கலாம்னு 2006-ல ஒரு அன்வைண்டரைச் சேர்த்தாங்க, அதே வருஷ முடிவுல தூக்கிட்டாங்க. கிராஷை விளக்க வந்தது தானே கிராஷ் ஆனா என்ன பண்றது? 2017-ல 4.14-ல ஓர்க்ங்கிற புது அன்வைண்டர் வந்துச்சு. எல்ஃப் (நிரல் கோப்பு வடிவம்), டுவார்ஃப்னு ஏற்கனவே குட்டிச்சாத்தான் பேரா இருந்ததால இதுக்கும் அப்படியே வச்சுட்டாங்க. கெர்னலைக் கட்டும்போதே ஆப்ஜ்டூல் எல்லா வழியையும் நடந்து பார்த்து, எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்ல ஸ்டேக் எப்படி இருக்கும்னு அட்டவணை போட்டு வச்சிடும். 2-லிருந்து 4 எம்பி மெமரி கூடுதலா போகும். ஓடுற கோடுக்கு ஒரு பாரமும் இல்ல.

என் சொந்தக் கதை வேற. டிரேஸ் சுத்தம், ஒரு '?' கூட இல்ல. ஆனா நான் எழுதின ஸ்கிரிப்ட் காட்டின ஃபங்ஷன் அந்த மெஷின்ல ஓடவே வாய்ப்பில்ல. ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன். விஷயம் என்னன்னா, ஒரு ஃபங்ஷனோட கடைசி இன்ஸ்ட்ரக்‌ஷனே, கெர்னலையே நிறுத்துற பேனிக்கைக் கூப்பிடுறது. பேனிக் திரும்பி வராதுன்னு கம்பைலருக்குத் தெரியும், அதனால அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதல. ரிட்டர்ன் முகவரி எங்க போய் விழும்? பக்கத்து ஃபங்ஷனோட முதல் பைட்டுல! கெர்னல் இதுக்காகவே முகவரில ஒண்ணைக் கழிச்சுட்டுத்தான் பேரைத் தேடுது. நான் கழிக்கல. வராத ஆளு பேர்ல மொய் எழுதின கதையாயிடுச்சு.

ஜூரோங்_இரவுப்பணி:
அண்ணே, இதைப் படித்ததும் ஓடிப்போய் என் ஸ்கிரிப்டைத் திறந்தேன். நானும் கழிக்கவில்லை. போன வாரம் இன்னொரு டிரைவரைப் பற்றி ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். அதை எழுதியவன் அதே நண்பன்தான்.