புதுப்பிப்பு: காட்பாடி வீட்டு விற்பனையும் மீதிக் கடனும்

காட்பாடியில் உள்ள அண்ணனின் வீட்டைக் கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்றால் மீதித் தொகை தள்ளுபடியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வீட்டுச் சாவியைக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் ஒப்படைத்தாலே போதும் என்று சிலர் கூறியிருந்தீர்கள்; அது சரியல்ல. வேலூரில் நாங்கள் கலந்துபேசிய வழக்கறிஞர் விளக்கியபடி, அந்த நிறுவனம் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் (நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்ற இடம்தரும் சட்டம்) 60 நாள் அறிவிப்பு அனுப்பி, வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட்ட பிறகும் கடன் தீராவிட்டால், அதே சட்டத்தின் 13(10) பிரிவின்படி மீதியை அண்ணனிடமிருந்து வசூலிக்கலாம். பிணை நின்றவரும் தப்ப முடியாது.

அதனால் ஏலத்துக்கு முன்பே வாங்குபவரை நாங்களே தேடினோம். பாக்கி 38 லட்சம் ரூபாய்; கிடைத்த விலை 33 லட்சம். அண்ணியின் நகைகளை விற்று மேலும் 2 லட்சம் கட்டினால் எஞ்சியதை விட்டுக்கொடுப்பதாகக் கடன் கொடுத்த நிறுவனம் வாய்மொழியாகச் சொன்னது. "முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கடிதத்தில் எழுதித் தரும்வரை நாங்கள் பத்திரப்பதிவுக்கு ஒப்பவில்லை. இதில் அண்ணன் காட்டிய உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் கடிதத்தில் அந்த வரி இல்லாவிட்டால் பல ஆண்டுகள் கழித்தும் நிறுவனம் மீதியைக் கேட்க முடியும்.

அண்ணனின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இது சமரசத் தீர்வு என்றே பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும்; அதை ஏற்றுக்கொண்டோம். தீர்வு முடிந்து 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அடமானம் நீங்கியதற்கான ரசீதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது.